விளைநிலம் விலைநிலம் ஆவதா?



காரைக்கால், காவிரியின் கடைமடை. அரசலாறும் நாட்டாறும் கடல்புகுமுன் ஊட்டும் அந்நன்செய்களில் இன்று நாற்றுக்கு மாற்றாக மனைக்கற்கள் முளைக்கின்றன. இதனை எதிர்க்கும் உழவரை வளர்ச்சிக்குப் பகைவர் என்பார் உளர். அவ்வுழவர் வீட்டை எதிர்த்தாரல்லர். வாய்க்கால் தூர்வதையே எதிர்த்தனர். ஒரு வயலை மண்கொட்டி மேடாக்கின், அடுத்த வயல் பாய்ச்சலின்றிக் காயும். ஐப்பசி மழையில் வடிகாலின்றி அழுகும். ஈராண்டு இழப்புற்றவன் தானும் விற்பான். இவ்வாறே ஒருவன் விற்பனை ஊரின் விற்பனையாகிறது.

2007இல் காவிரி நடுவர்மன்றம் புதுவைக்கு 7 டி.எம்.சி. நீர் ஒதுக்கிற்று; 2018இல் உச்ச முறைமன்றமும் அதனை உறுதிசெய்தது. அது காரைக்கால் வயலுக்குரிய நீர். வயலே இல்லையேல், எந்த வாயால் நீர் கேட்பது?

2020இல் தமிழகம் இயற்றிய வேளாண் மண்டிலக் காப்புச் சட்டம் அண்டைய நாகைக்கும் திருவாரூர்க்கும் உண்டு. ஆட்சி வேறாதலின் காரைக்காலுக்கு இல்லை. அதுவும் எண்ணெய்க் கிணறு, உருக்காலை போன்றவற்றைத் தடுப்பதேயன்றி, மனைப்பிரிவைத் தடுப்பதன்று. ஆதலின் நன்செய்யையும் வாய்க்காலையும் ஒருங்கே காக்கும் சட்டத்தைப் புதுவை அரசு இயற்றல் வேண்டும்.

நத்தத்தில் வீடு, நன்செய்யில் நெல்! முன்னோர் வகுத்த இம்முறை பிறழின், வீடு இருக்கும். உலையில் அரிசி இராது.