ஒளியின் வழியும் குண்டின் வழியும்



துப்பாக்கியின் மேல் சிறு குழாய் ஒன்று. அதிலிருந்து புறப்படும் சிவப்பு ஒளி. எதிரே நிற்பவன் மார்பில் ஒரு பொட்டு. இக்காட்சியைத் திரைப்படங்களில் நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். பொட்டு விழுந்த இடத்தில் குண்டும் விழுந்தே தீரும் என்பது படம் எடுப்பவர்களின் நம்பிக்கை. ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் நெடுங்காலம் பௌதிகம் கற்பித்தவன் என்ற முறையில், அந்த நம்பிக்கையை இன்று சற்றே அசைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஒளி செல்லும் வழி ஒன்று. குண்டு செல்லும் வழி வேறொன்று. இவ்விரண்டையும் வேண்டிய இடத்தில் சந்திக்கச் செய்வதே குறி பார்த்தல்.

தேசிய மாணவர் படையில் சேர்ந்தவர்கள் ‘பாயிண்ட் டூ டூ’ ரைஃபிளைக் கையில் பிடித்திருப்பீர்கள். கண்ணுக்கு அருகில் பின்குறி, குழலின் முனையில் முன்குறி, தொலைவில் இலக்கு. இம்மூன்றையும் ஒரு கோட்டில் நிறுத்த வேண்டும். இங்கேதான் இடர்ப்பாடு. நம் கண்ணில் இருப்பது ஒரே ஒரு வில்லை. அது ஒரு நேரத்தில் ஒரு தொலைவையே தெளிவாகக் காட்டும். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தி, அதற்கு அப்பாலுள்ள தென்னையை உற்று நோக்குங்கள், விரல் மங்கும். விரலை நோக்குங்கள், தென்னை மங்கும். துரோணர் கேட்ட வினாவுக்குப் பறவையின் கண் மட்டுமே தெரிகிறது என்று அருச்சுனன் விடை கூறினான் அல்லவா? இன்றைய துப்பாக்கிப் பயிற்சியாளர் அந்த விடையை ஏற்கமாட்டார். முன்குறி தெளிவாகத் தெரியட்டும், இலக்குச் சற்று மங்கினாலும் பரவாயில்லை என்றே அவர் சொல்லுவார். முன்குறி ஒரு மயிரிழை விலகினால், அவ்விலகல் இலக்கில் பன்மடங்காகப் பெருகிவிடும்.

இந்த இடர்ப்பாட்டுக்கு மிக எளிய பரிகாரம் ஒரு துளை. பழைய அஞ்சலட்டை ஒன்றில் ஊசியால் துளையிட்டு, அதைக் கண்ணருகே பிடித்து வெளிச்சத்தில் செய்தித்தாளைப் பாருங்கள். மூக்குக்கண்ணாடி இன்றிப் படிக்க முடியாத என் போன்ற முதியவர்களுக்கும் எழுத்து துலங்கும். துளை சிறுத்தால் கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றை மெலிகிறது. மெலிந்த கற்றை வில்லையின் பிழைகளால் அதிகம் சிதறுவதில்லை. அருகும் தொலைவும் ஏறக்குறைய ஒருங்கே தெளிகின்றன. போட்டித் துப்பாக்கிகளின் பின்குறி இத்தகைய துளையே. அதன் வழியாக நோக்கினால் முன்குறியின் வளையமும், அவ்வளையத்தினுள் இலக்கின் கருவட்டமும் ஒன்றினுள் ஒன்றாக அமைந்து தோன்றும். ஒளி குறையும் என்பது இதன் குறை. ஆனால் கண்ணாடியும் வேண்டாம், மின்கலமும் வேண்டாம்.

அடுத்தது தொலைநோக்கிக் குறி. இது இலக்கின் பிம்பத்தையும் குறுக்கிழைகளையும் ஒரே தளத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. கண் ஓரிடத்தை நோக்கினாற் போதும். பின்னுதை உடைய துப்பாக்கியில் கண்ணை இதனோடு ஒட்டி வைத்தால் புருவம் கிழியும். ஆதலால் மூன்று நான்கு அங்குலம் தள்ளியே வைக்க வேண்டும். குறுக்கிழைகளில் சிறு கோடுகள் பொறித்திருப்பார்கள். அவை அழகுக்காக அல்ல. ஓராயிரம் மீட்டர் தொலைவில் ஒரு மீட்டர் உயரமுள்ள பொருள் கண்ணில் அமைக்கும் கோணத்துக்கு ‘மில்’ என்று பெயர். நம் கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் சுமார் 55 மீட்டர் உயரம். ஏதோ ஒரு வயல் வரப்பில் நின்று பார்க்கையில் அது 11 மில் உயரமாகத் தெரிந்தால், நாம் ஏறக்குறைய 5,000 மீட்டர் தொலைவில் நிற்கிறோம் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். இராசேந்திரன் எழுப்பிய விமானம் கோணகணிதம் கற்பிக்கவும் உதவும் என்பதை நான் என் மாணவர்களிடம் சொல்லாத ஆண்டில்லை.

மூன்றாவது வகையைப் பலரும் லேசர் என்றே தவறாக எண்ணுகின்றனர். 1900-ஆம் ஆண்டில், டப்ளின் நகரத்துத் தொலைநோக்கி வல்லுநரான ஹோவர்ட் கிரப் என்பவர் வகுத்த முறை அது. சாய்ந்த கண்ணாடி ஒன்றில் ஒரு சிறு குறியின் பிம்பத்தைப் பிரதிபலிக்கச் செய்து, அது வெகு தொலைவில், விண்மீன்போல், நிற்பதாகத் தோன்றச் செய்தார். கண்ணைச் சற்று இப்படி அப்படி நகர்த்தினாலும் குறி இலக்கைவிட்டுப் பெரிதும் நகராது. இரு கண்களையும் திறந்தே பார்க்கலாம். 1975-இல் சுவீடனில் இதே தத்துவத்தில் மின்கலத்தால் ஒளிரும் சிவப்புப் புள்ளிக் குறி விற்பனைக்கு வந்தது. இந்தப் புள்ளி கண்ணாடியில் மட்டுமே தெரியும். வெளியே சென்று எவர்மீதும் விழாது. 1966-இல் தொடங்கப்பெற்ற திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலை நமக்கு அருகில் இருப்பதால் துப்பாக்கி என்றால் அவ்வூரே நம் நினைவுக்கு வரும். நம் நாட்டில் இத்தகைய நோக்குக் கருவிகளின் ஆராய்ச்சிக்கும் உற்பத்திக்கும் பெயர்பெற்ற ஊரோ இமயமலை அடிவாரத்திலுள்ள டேராடூன்.

இனி, லேசர். 1960-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள், அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பவர் ஒரு மாணிக்கக் கோலிலிருந்து முதல் லேசர் ஒளியைப் பெற்றார். இன்றோ அரிசிமணி அளவுள்ள குறைகடத்தி ஒன்றே அவ்வேலையைச் செய்கிறது. அதைத் துப்பாக்கிக் குழலின் கீழே பொருத்தினால் லேசர் குறி. மாலையில், அறைக்குள், பத்திருபது மீட்டர் தொலைவில், விரைந்து குறிவைக்க வேண்டிய காவலருக்கு இது நல்ல துணை என்பதில் ஐயமில்லை. ஆனால் சித்திரை மாதத்து நண்பகலில் நம்மூர் முந்திரித் தோப்புக்கு அப்பால் அப்பொட்டைத் தேடிப் பாருங்கள். சூரியன் அதை விழுங்கியிருப்பான்.

அதைவிடப் பெரிய செய்தி புவியீர்ப்பு. ஒளி நேர்கோட்டில் செல்லும். குண்டு குழலைவிட்டு நீங்கிய கணமே விழத் தொடங்குகிறது. நொடிக்கு 700 மீட்டர் வேகமுள்ள ரைஃபிள் குண்டை எடுத்துக்கொள்வோம். காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால், 100 மீட்டரைக் கடக்க நொடியில் ஏழில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் 10 சென்டிமீட்டர் விழுந்துவிடும். 300 மீட்டரில் வீழ்ச்சி 90 சென்டிமீட்டர். தொலைவு மும்மடங்கு, வீழ்ச்சி ஒன்பது மடங்கு. கலிலியோ கண்ட விதி இது. காற்றின் தடையையும் சேர்த்தால் வீழ்ச்சி இன்னும் மிகும். புளியம்பழத்துக்குக் கல்லெறியும் சிறுவன் பழத்துக்குச் சற்று மேலே குறிவைக்கிறான் அல்லவா? துப்பாக்கியிலும் பார்வைக் கோட்டுக்குக் குழல் மிகச் சிறிதே மேல்நோக்கி இருக்குமாறு குறியைத் திருத்தி வைக்கிறார்கள். அத்திருத்தம் ஏதோ ஒரு தொலைவுக்கே முற்றும் பொருந்தும். பொட்டு இலக்கின்மேல் பளிச்சென்று நிற்கும்; குண்டு அதன் காலடியில் மண்ணைக் கிளப்பும்.

ஆயினும் லேசர் இன்னொரு வகையில் குறிபார்ப்பவனுக்குப் பேருதவி புரிகிறது. ஓர் ஒளித்துடிப்பை அனுப்பி, அது இலக்கில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்தால் தொலைவு தெரியும். 300 மீட்டர் சென்று மீள, நொடியின் பத்து இலட்சத்தில் 2 பங்கே ஆகும். தொலைவு தெரிந்தால் வீழ்ச்சி தெரியும். வீழ்ச்சி தெரிந்தால் குறியைத் திருத்தலாம். பொட்டு வைக்கும் லேசரைவிடத் தொலைவளக்கும் இந்த லேசரையே நான் உயர்வாக மதிப்பேன்.

ஒரு வார்த்தை கண்டிப்பாகவும் சொல்ல வேண்டும். திருவிழாக் கடைகளில் விற்கும் லேசர் விளக்கை வாங்கி ஒருவர் முகத்தில் ஒருவர் அடித்து விளையாடும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பரவாமல் வரும் அவ்வொளியைக் கண்ணின் வில்லை, ஊசிமுனையினும் சிறிய இடத்தில் விழித்திரைமீது குவித்துவிடும். கூசும் ஒளி பட்டால் ஏறத்தாழ கால் நொடியில் இமை மூடிக்கொள்ளும். ஒரு மில்லிவாட்டுக்கு உட்பட்ட விளக்கானால் அதுவே காப்பு. அளவு பொறிக்காமல் விற்கும் விளக்குகளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. விழித்திரையில் வெந்த இடம் மீண்டும் முளைப்பதில்லை. போர்க்களத்திலேகூட மனிதரை நிரந்தரமாகக் குருடாக்கும் நோக்குடைய லேசர் ஆயுதங்களை 1995-இல் வியன்னாவில் கூடிய நாடுகள் ஓர் உடன்படிக்கையால் தடை செய்துள்ளன. தெருவில் விளையாடும் பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைந்த ஒழுங்கு போதுமா?

கடைசியாக, தொலைநோக்கி வில்லையோ லேசரோ பொருத்த அனுமதியில்லாத ஒரு துப்பாக்கியைப் பற்றி. அதுதான் ஒலிம்பிக் போட்டியின் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கி. நம் பக்கத்துக் கடலூரில் 1999-இல் பிறந்து, குசராத்தில் வளர்ந்தவர் இளவேனில் வாலறிவன். பெயரைக் கேட்டாலே திருக்குறளின் முதல் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. 2019-இல் ரியோ நகரத்து உலகக் கோப்பைப் போட்டியில் அவர் தங்கம் வென்றார். அவர் பயன்படுத்துவது நான் முன்பு சொன்ன துளையும் வளையமுமே. அவருடைய இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர் விட்டமுடையது. நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் செல்லும் ஈயக் குண்டு, அந்தப் பத்து மீட்டருக்குள்ளேயே சுமார் 17 மில்லிமீட்டர் விழுகிறது. ஆகவே, குழலின் நேர்கோட்டில் ஒரு லேசரைக் கட்டி அதன் பொட்டை நடுப்புள்ளியில் வைத்துச் சுட்டால், குண்டு கருவட்டத்துக்கு வெளியே போய் விழும். இத்துப்பாக்கியில் ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் விலகலுக்கும் புள்ளியில் பத்தில் ஒன்று குறையும்.

2024-இல் பாரிசு ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் இளவேனில் 60 முறை சுட்டு 630.7 புள்ளிகள் பெற்றார். பத்தாம் இடம். முதல் எட்டுப் பேருக்கே இறுதிச் சுற்று. இந்தியாவின் இன்னொரு வீராங்கனையான இரமிதா 631.5 புள்ளிகளுடன் ஐந்தாம் இடம் பெற்று உள்ளே சென்றார். இருவருக்கும் வேறுபாடு 0.8 புள்ளி. அதை மில்லிமீட்டராக மாற்றிப் பாருங்கள்: அறுபது குண்டுகளின் விலகல்களையும் ஒன்றாகக் கூட்டினால், வேறுபாடு மொத்தம் இரண்டு மில்லிமீட்டர்.