வீட்டிற்குள் வளரும் அன்னாசிக் குலம்

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புலவர் பெருமக்கள் பேசிய இம்மேடையில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதிவரும் என்னையும் பேசப் பணித்த செயலாளர் அவர்களுக்கு என் நன்றி. கற்றுப் பேச என்னிடம் சரக்கில்லை. வளர்த்து அறிந்ததை மட்டும் கூறுகிறேன்.

இந்த நாகபுரிக் குடியிருப்பில் சன்னல் விளிம்பும் தாழ்வாரமுமே நமக்குள்ள நிலபுலம். அதற்கேற்ற செடியினம் புரோமீலியா. பெயர் புதிது, உறவு பழையது. நாம் உண்ணும் அன்னாசி இக்குலத்தைச் சேர்ந்ததே. இதில் 3,000-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள ஒரே ஒரு வகை நீங்கலாக, ஏனைய யாவும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை.

இவற்றுட் பல மரக்கிளைகளில் தொற்றி வாழ்வன. ஆயினும் புல்லுருவிபோல் மரத்தின் சாற்றை உறிஞ்சுவன அல்ல. வேர் பெரும்பாலும் பற்றிக்கொள்வதற்கே. இலைமேலுள்ள நுண்ணிய செதில்களே நீரை உட்கொள்கின்றன. இலைகள் அடியில் நெருங்கிக் கிண்ணம்போல் அமைந்து மழைநீரைத் தேக்குகின்றன.

ஆதலின் களிமண் இதற்கு ஆகாது. தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு, பருமணல் ஆகியவற்றைக் கலந்து சிறு தொட்டியில் நடுக. காலை இளவெயில் போதும். நம் ஊர் அக்கினி நட்சத்திர வெயிலில் இலை கருகிவிடும். உப்புநீர் இலைமேல் வெண்படலமாய்ப் படியும். மழைநீரே சாலச் சிறந்தது. செம்புக் கம்பியால் கட்டுவதும், செம்பு கலந்த மருந்து தெளிப்பதும் கூடா. செம்பு இதற்கு நஞ்சு.

என் முதற்செடி குஸ்மானியா. அதன் செம்மலர் மூன்று மாதம் வாடாது நின்றது. பின்னர் இலைகள் பழுத்தன. செத்தது என்றெண்ணிக் குப்பையில் எறிந்தேன். அடுத்த வீட்டு மராத்தியப் பெரியவர் அதனை எடுத்து வந்து, அடியில் இரண்டு பக்கக் கன்றுகள் இருப்பதைக் காட்டினார். வாழையைப் போலவே இதுவும் ஒருமுறை பூத்துக் கன்றுகளை விட்டு மறைவது. கன்று, தாயின் பாதியளவு வளர்ந்தபின் பிரித்து நடலாம். வாழையடி வாழை என்று வாழ்த்திப் பழகிய நான் அதனை அறியாமற் போனேன்!

இனி, நான் இம்மேடைக்கு வந்ததன் காரணத்தைச் சொல்கிறேன். 2019-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் என் மகளுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தாள். இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்த அந்நாள்களில் யாங்கள் உறங்கவில்லை. வீட்டைச் சோதிக்க வந்த சுகாதாரப் பணியாளர் கூலர்த் தொட்டியைப் பார்த்தார்; உலர்ந்திருந்தது. பிறகு என் செடியின் இலைக்கிண்ணத்தில் விளக்கொளியைக் காட்டினார். அங்கே கொசுப்புழுக்கள் நெளிந்தன. நான் நாள்தோறும் அன்போடு ஊற்றிய நீர் அது! அக்கொசுதான் கடித்தது என்று எவராலும் கூற இயலாது. அன்று என்று கூற என்னாலும் இயலாது.

"எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள்" என்றாள் என் மனைவி. நானும் இசைந்தேன். வீடு திரும்பிய மகளோ, "செடி என்ன செய்யும் அப்பா? தண்ணீரை மாற்றாதவர் நீங்கள்தானே?" என்றாள். அவ்வொரு சொல்லே எனக்குப் பாடமாயிற்று.

கொசு, முட்டையிலிருந்து பறக்கும் பருவம் எய்த ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரந்தோறும் கிண்ணத்து நீரைக் கவிழ்த்துவிடல் வேண்டும். அது மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். புதுநீரை விசையோடு ஊற்றி அலசுதல் வேண்டும். எங்கள் வீட்டில் ஞாயிறு காலை இது மகளின் பொறுப்பு. ஒரு வாரமும் தவறியதில்லை.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டார் கிரிப்டாந்தஸ் எனும் குறுவகையிலிருந்து தொடங்குக. பிரேசில் நாட்டைச் சேர்ந்த அது, விண்மீன் வடிவில் மண்ணோடு படிந்து வளர்வது. மற்றவைபோல் கிண்ணத்தில் நீர் தேக்கி வாழ்வதன்று. மண் ஈரமாயிருந்தாற் போதும்.

இன்று பதினொரு கன்றுகள் கொண்டுவந்துள்ளேன். விலையில்லை, நிபந்தனை ஒன்றுண்டு. ஞாயிறுதோறும் நீர் மாற்றுவேன் என்று வாக்களிக்கும் பிள்ளைகளிடமே அவற்றைக் கொடுப்பேன். பெற்றோரிடம் கொடுப்பதாக இல்லை. அவர்களை நான் என்னைக்கொண்டே அறிவேன்.