ஒரே மரம், 52 படம்

(விழிஞ்ஞத்தில் தொடர்கல்வி வகுப்பு ஒன்றில் தொண்டர் ஒருவர் பேசியது)



இன்று பாடப் புத்தகத்தை மூடி வையுங்கள். போனைக் கையில் எடுங்கள். பூவையும் மரத்தையும் படம் பிடிப்பது பற்றிப் பேசப் போகிறேன்.

"பூவைப் படம் பிடித்தால் வயிறு நிறையுமா?" என்று பின்னால் ஓர் அண்ணன் கேட்கிறார். நிறையாது அண்ணே. ஆனாலும் கேளுங்கள். நம் வகுப்பில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

நம்மிடம் படிக்கும் ஓர் அக்கா இருக்கிறார். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விழிஞ்ஞம் கடற்கரையில் மீன் எடுப்பார். நகரத்துக்குப் போய் வீடு வீடாக விற்பார். மீன் விற்றுத் தீர்ந்ததும் ஒரு பூங்காவில் சற்று நேரம் உட்காருவார். அங்கே ஒரு கொன்றை மரம் நிற்கிறது. மலையாளத்தில் அதைக் கணிக்கொன்னை என்பார்கள். கேரளத்தின் மாநிலப் பூ அதுதான். ஏப்ரல் நடுவில் வரும் விஷுவுக்குக் கணி வைக்க அந்தப் பூ வேண்டும்.

ஒரு பிப்ரவரி மாதம் அக்கா வகுப்புக்கு வந்தார். "மக்களே, கொன்றை இப்பவே பூத்துப்போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் போனில் படத்தைக் காட்டினார். "இது போன விஷுவுக்கு எடுத்த படமாக இருக்கும்" என்றார் ஒருவர். அது பழைய போன். அதில் தேதி தப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை.

வகுப்பு முடிந்ததும் அக்கா என்னிடம் வந்தார். "கண்ணால் கண்டதைத்தான் சொன்னேன். யாரும் நம்பவில்லையே" என்றார். அவர் முகம் வாடிப்போயிருந்தது.

"எழுதி வையுங்கள் அக்கா. உங்களுக்குத்தான் இப்போது எழுதத் தெரியுமே" என்றேன்.

முதலில் போனில் தேதியைச் சரிசெய்தோம். பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் அக்கா அதே இடத்தில் உட்கார்ந்தார். அதே மரத்தைப் படம் எடுத்தார். ஒரு நோட்டில் தேதி போட்டு ஒரு வரி எழுதினார். "மழை. இலை பச்சை. பூ இல்லை." "காய் நீளம். பச்சை நிறம்." "காய் கறுத்துவிட்டது." இப்படியே ஒரு வருடம். 52 வாரம், 52 படம்.

மறு ஆண்டும் பிப்ரவரி வந்தது. ஒரு நாள் அக்கா வகுப்பில் எழுந்து நின்றார். நோட்டைத் திறந்தார். எழுத்துக் கூட்டித்தான் படித்தார். "பிப்ரவரி 12. மூன்று கொத்து பூ." பிறகு படத்தைக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. முன்பு சிரித்த அண்ணனே நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அந்த ஆண்டு விஷு அன்று அக்கா எழுதியது இது: "பூ குறைவு. நிறையக் கீழே கிடக்கிறது."

பேச்சு காற்றோடு போய்விடும். படமும் தேதியும் சேர்ந்தால் அது சாட்சி. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

கொன்றை சீக்கிரம் பூப்பதைக் கேரளத்தில் பலரும் பார்க்கிறார்கள். வெயிலும் வறட்சியும் முந்தி வந்தால் பூவும் முந்துகிறது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆனால் ஒரு மரத்தை ஒரு நாள் பார்த்து இதைச் சொல்ல முடியாது. பல மரங்களைப் பல ஆண்டுகள் பார்க்க வேண்டும். 'சீசன்வாட்ச்' என்ற திட்டம் 2010 முதல் இந்தியாவில் இதைச் செய்கிறது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாரம் ஒரு முறை இலை, பூ, காய் எப்படி இருக்கின்றன என்று பார்த்துப் பதிய வேண்டும். கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் இதில் நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் செய்வதை நாம் செய்ய முடியாதா?

ஜப்பான் நாட்டில் கியோட்டோ என்று ஒரு நகரம். அங்கே செர்ரி மரம் பூப்பது பெரிய திருவிழா. அது பூத்த நாளை அரண்மனையாரும் துறவிகளும் அந்தக் காலத்திலேயே எழுதி வைத்தார்கள். 1200 ஆண்டுக் கணக்கு இன்று கையில் இருக்கிறது. 2021-ல் மார்ச் 26-ஆம் தேதியே மரங்கள் முழுதும் பூத்துவிட்டன. அதுவரை அவ்வளவு சீக்கிரம் பூத்ததாக அந்தக் கணக்கில் இல்லை. எழுதி வைத்ததால்தான் இது தெரிந்தது.

சரி, நாம் எங்கே போய்ப் படம் எடுப்பது?

விழிஞ்ஞத்திலிருந்து பஸ் ஏறிக் கிழக்கேகோட்டையில் இறங்குங்கள். அங்கிருந்து வேறு பஸ்ஸில் மியூசியம் தோட்டத்துக்குப் போகலாம். மியூசியம் 1857-லும் மிருகக்காட்சி சாலை 1859-லும் தொடங்கின. பெரிய பெரிய மரங்கள் அங்கே உண்டு. பக்கத்திலேயே கனகக்குன்னு. அங்கே மரங்களில் கியூஆர் பலகை வைத்திருக்கிறார்கள். போனைக் காட்டினால் மரத்தின் பெயரும் விவரமும் வரும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் வெள்ளாயணிக் காயலுக்குப் போகலாம். அது நன்னீர்க் காயல். தாமரை பார்க்கலாம். அதுவும் முடியாவிட்டால் நம் கடற்கரை இருக்கிறது. மணலில் படரும் அடம்பங்கொடியைப் பாருங்கள். அதன் ஊதாப் பூ எவ்வளவு அழகு! மணலைப் பிடித்து வைப்பதும் அந்தக் கொடிதான்.

வருடம் முழுவதும் ஏதாவது ஒன்று இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் முள்ளிலவு இலை உதிர்த்துச் சிவப்பாகப் பூக்கும். மாமரம் பூத்திருக்கும். மார்ச், ஏப்ரலில் கொன்றை. ஏப்ரல், மே மாதங்களில் குல்மோகர் செக்கச்செவேல் என்று நிற்கும். இடவப்பாதி மழை வந்தால் மரப்பட்டையில் பாசி பிடிக்கும். சுவர் இடுக்கில் பெரணி முளைக்கும். மழைக்காலத்தில் வேலியோரம் செங்காந்தள் பூக்கும். மஞ்சளாக விரிந்து சிவப்பாக மாறும். படம் எடுங்கள், வாயில் மட்டும் வைக்காதீர்கள். அதன் கிழங்கு கொடிய விஷம். ஓணத்தை ஒட்டி வெள்ளைத் தும்பை. துலாமழை விட்ட காலையில் சிலந்தி வலையில் நீர்த்துளி. பூவரசம் பூவைக் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் எடுங்கள். காலையில் மஞ்சள். மாலையில் சிவந்து வாடியிருக்கும்.

படம் நன்றாக வரச் சில வழிகள் சொல்கிறேன்.

முதலில் போனின் கண்ணாடியைப் பருத்தித் துணியால் துடையுங்கள். மீன் கை, எண்ணெய்க் கை பட்டிருந்தால் படம் மங்கும்.

காலை 7 மணி முதல் 9 மணி வரை நல்ல வெளிச்சம். தாமரையையும் அப்போதே எடுங்கள், பிற்பகலில் மூடிவிடும். உச்சி வெயிலில் பூ வெளுத்துத் தெரியும்.

இரண்டு கையாலும் போனைப் பிடியுங்கள். முழங்கையை உடம்போடு ஒட்டி வையுங்கள். திரையில் பூ இருக்கும் இடத்தை விரலால் ஒரு தடவை தொடுங்கள். படம் தெளியும்.

சிறிய பூவுக்கு முன்னால் குனியுங்கள், உட்காருங்கள். மேலே நின்று எடுத்தால் பூவைவிடத் தரைதான் அதிகம் தெரியும்.

மழையில் போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

பூவைப் பறிக்காதீர்கள். கிளையை வளைக்காதீர்கள். பூங்காவில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். நம்மை யாராவது அப்படி எடுத்தால் நமக்குக் கோபம் வராதா?

கடைசியாக ஒன்று. போன வருடக் காற்றில் அக்காவின் கொன்றையில் ஒரு பெரிய கிளை முறிந்துவிட்டது. முதன்முதல் பூத்த மூன்று கொத்தும் அந்தக் கிளையில்தான் இருந்தன. இப்போது அந்தக் கிளை அவர் படத்தில் மட்டும் இருக்கிறது. "எடுத்து வச்சது நல்லதாப் போச்சு மக்களே" என்றார்.

அடுத்த வகுப்புக்கு எல்லோரும் ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு வாருங்கள். வீட்டு முற்றத்து மரமானாலும் சரி. ஒரு படம் எடுங்கள். நோட்டில் நான்கு விஷயம் எழுதுங்கள்: தேதி, இடம், மரத்தின் பெயர், இன்று கண்டது. பெயர் தெரியாவிட்டால் பெரியவர்களைக் கேளுங்கள். எழுத்துப் பிழை வந்தால் பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம். தேதியில் மட்டும் பிழை வேண்டாம்.

முதல் நோட்டைப் படிக்கப் போவது யார்? அக்கா கை தூக்கிவிட்டார். அடுத்தது யார்?