கொடுத்த சிறுநீரகம் சுணங்கினால்

மலேசியாவில் முதன்முதலாக 1975இல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அதைக் கொடுத்தவர் நோயாளியின் உறவினரே.

உயிரோடிருப்பவர் தரும் சிறுநீரகம் பெரும்பாலும் உடனே வேலை தொடங்கிவிடும். சிலருக்கு அது சுணங்கும். முதல் வாரத்தில் மீண்டும் இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்ய நேரும். ஏன்? கொடுப்பவர் வயது முதிர்ந்தவராக இருக்கலாம். பெறுபவர் உடல் பருத்தவராகவோ, பல்லாண்டு இயந்திரச் சிகிச்சையில் இருந்தவராகவோ இருக்கலாம். அறுவையின்போது சிறுநீரகம் நெடுநேரம் இரத்த ஓட்டமின்றி இருந்தாலும், பெறுபவரின் இரத்த அழுத்தம் இறங்கினாலும் இப்படி ஆகலாம்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைப்பேற்றினாலும், பிறர் இரத்தம் ஏற்றுவதாலும் உடலில் எதிர்ப்புப் பொருள்கள் உண்டாகலாம். கணவரின் சிறுநீரகத்தை மனைவிக்குப் பொருத்தும்போது இது மிக முக்கியம். ஆகவே பழைய பிரசவம், கருச்சிதைவு, இரத்தம் ஏற்றியது யாவற்றையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்வோம்.

சுணங்கிய சிறுநீரகம் பல வேளைகளில் சில நாட்களிலோ வாரங்களிலோ தேறிவிடும். அதற்குள், "கொடுத்தவர் ராசி சரியில்லை" என்று நாம் பேசலாகாது. கொடுத்தவர் மனம் நோகாமல் பார்த்துக்கொள்வோம். பெற்றவருக்கு மருந்தை வேளை தவறாமல் கொடுப்போம்.