ஆஞ்சியோவில் தெரியாத குழாய்கள்

சர்க்கரை நோய் உள்ளவர் ஒருவர். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு அழுத்துகிறது. ஆஞ்சியோகிராம் எடுத்தால் பெரிய அடைப்பு எதுவும் இல்லை. பிறகு ஏன் இந்தத் தொல்லை?

ஆறு நிறையத் தண்ணீர் போகும். வயலுக்குப் பிரியும் வாய்க்கால் தூர்ந்திருந்தால் பயிர் வாடும். இதயத் தசைக்குள் ஓடும் சின்னஞ்சிறு ரத்தக் குழாய்களும் அப்படித்தான். பல ஆண்டுச் சர்க்கரை அவற்றின் உட்சுவரைக் கெடுக்கிறது. வேண்டிய நேரத்தில் அவை விரிவதில்லை. சாதாரண ஆஞ்சியோவில் இவை தெரியாது. ஆமாம், தெரியவே தெரியாது.

அதனால், அடைப்பில்லை என்ற பிறகும் மூச்சிரைப்பு நீடித்தால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோயில் இதயக் கோளாறு நெஞ்சுவலி இல்லாமல் வெறும் அசதியாகவும் வரலாம். மருத்துவரிடம் மறுபடி போய், 'சிறு குழாய்களில் கோளாறு இருக்குமா?' என்று கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள்.