பதிவேட்டில் நம் பெயர்

(அட்டனில் தோட்டத் தொழிலாளரும் படித்த இளைஞரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



“பேர்” என்ற சொல் இம்மலைநாட்டில் சுமந்து நிற்கும் பாரத்தை வேறெங்கும் சுமக்கவில்லை. செக்ரோலில் பேர் விழுந்தால் கூலி. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாம் நாடற்றவரானோம். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. எஞ்சிய நாடற்றவருக்கு உரிமை வழங்கிய சட்டம் வர 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. இன்று நாம் பேச வந்தது இன்னுமொரு பதிவேட்டைப் பற்றி. அதில் நம் பெயரை எவரும் வெட்டவில்லை. நாமே இன்னும் எழுதவில்லை.

குருதிப் புற்றுநோய் கண்ட பலருக்கும், தலசீமியா என்னும் பிறவிக் குருதிநோயுடன் வாடும் குழந்தைகளுக்கும், கெட்டுப்போன என்புமச்சையை மருந்தால் அழித்துவிட்டு, நலமுள்ள ஒருவரின் குருதி மூலக்கலங்களை ஏற்றுவது நோயை வேரறுக்கும் வழியாகும். செங்கலம், வெண்கலம், குருதிச் சிறுதட்டு யாவற்றையும் பிறப்பிக்கும் தாய்க்கலமே மூலக்கலம். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை 1986ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது.

கொடுப்பவருக்கு என்ன நேரும்? இதுவன்றோ லயத்தில் முதலிற் கேட்கப்படும் கேள்வி! மயக்க மருந்து கொடுத்து இடுப்பென்பிலிருந்து மச்சையை எடுப்பது பழைய முறை. சிலருக்கு இன்றும் அதுவே. பெரும்பாலும் இப்போது நான்கைந்து நாள் ஊசி ஏற்றுவர். மூலக்கலங்கள் மச்சையை விட்டுக் குருதியோட்டத்தில் இறங்கும். பின்னர் ஒரு கையிலிருந்து வரும் குருதியை இயந்திரம் பிரித்து, வேண்டிய கலங்களை வைத்துக்கொண்டு, மிச்சத்தை மறுகை வழியே திருப்பிவிடும். இதற்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். எலும்பு நோகும்; தலையிடிக்கும்; உதடு விறைக்கும். மிக அரிதாக மண்ணீரல் கிழிவது போன்ற கடுந்தீங்கும் நேரலாம். இதை மறைத்து ஆள் சேர்ப்பவர் நமக்கு வேண்டாம். ஆனால் இது சிறுநீரகம் கொடுப்பது போன்றதன்று. கொடுத்த கலங்களைச் சில வாரங்களில் உடலே ஈடுசெய்துவிடும்.

தடை வேறிடத்தில் உள்ளது. கொடுப்பவர் இழையமும் பெறுபவர் இழையமும் பொருந்த வேண்டும். உடன்பிறந்தார் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. அவரும் பொருந்தாவிடின் அயலாரைத் தேட வேண்டும். அவ்வயலாரும் பெரும்பாலும் ஒரே வம்சாவளியிலேயே கிடைப்பர். அமெரிக்கப் பதிவேட்டின் கணக்கைப் பாருங்கள்: ஐரோப்பிய வம்சாவளியினர் நூற்றுக்கு 79 பேருக்குப் பொருத்தமானவர் கிடைக்கிறார், ஆசியருக்கு 47. உலகெங்கும் நாலு கோடிக்கு மேற்பட்டோர் பெயர் கொடுத்துள்ளனர். அவர்களுள் நம் வம்சத்தார் எத்தனை பேர் இருப்பர்?

நம் வம்சமோ ஓரிடத்தில் இல்லை. 1964ஆம் ஆண்டில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது, 5,25,000 பேரை அங்கும் 3,00,000 பேரை இங்குமாகப் பங்கிட்டார்கள். அண்ணன் கூடலூரிலும் தங்கை கொட்டகலையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. உடன்படிக்கை எழுதியோர் ஆட்களை எண்ணினார்கள், குருதியுறவை எண்ணினார்களில்லை. இன்று பொகவந்தலாவைக் குழந்தைக்குப் பொருந்தும் கலம் கோத்தகிரியில் ஒரு பேரனின் உடலில் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். சென்னையில் 2009ஆம் ஆண்டு தொடங்கிய தாத்ரி என்னும் பதிவேடு உண்டு. நீலகிரியில் வாழும் நம் உறவினர் அதிற் சேர்ந்தால் பயன் இக்கரைக்கும் வரலாம். கடிதம் எழுதுங்கள், தொலைபேசியிற் சொல்லுங்கள். இங்கோ, குருதிக்கொடை முகாம் தோட்டத்துக்கு வரும்போதே கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து மாதிரி எடுக்கும் ஏற்பாட்டைத் தேசியக் குருதி மாற்றுச் சேவையிடம் கோருவோம். பதிவுக்கு அது போதும்.

சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் ஒன்று சொல்லாமல் விடோம். கங்காணியோ, துரையோ, தொழிற்சங்கத் தலைவரோ சொன்னார் என்பதற்காகக் கொடுக்கும் சம்மதம் சம்மதமாகாது. நம் சங்கமும் இதற்கு விலக்கன்று. மறுக்கும் உரிமை இறுதிவரை உண்டு. ஆயினும் நோயாளியின் மச்சையை மருந்தால் அழிக்கத் தொடங்கிய பின் கொடையாளர் பின்வாங்கினால், அந்நோயாளி உயிர் பிழைப்பதே அரிது. ஆகையால் தயக்கமுள்ளவர் தொடக்கத்திலேயே மறுத்துவிடட்டும், அதில் இழிவில்லை. இரத்தச்சோகையால் வாடும் தாய்மார் முதலில் தம்முடலைத் தேற்றிக்கொள்ளட்டும்.

கூலி என்னாவது? ஊசிக்கு நாலைந்து நாள், கொழும்புப் பயணம், பின்னர் ஓய்வு என ஒரு கிழமை போய்விடும். 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு 2021ஆம் ஆண்டு வரை போராடியவர்கள் நாம். அந்த ஒரு கிழமை எத்தனை அடுப்பை அணைக்கும் என்பது நமக்குத் தெரியும். கலத்துக்கு விலை கேட்பது தகாது. ஆனால் கொடையாளருக்குச் செக்ரோலில் பேர் போட வேண்டும் என்று கேட்பது விலையன்று. கம்பனிகளுடன் அடுத்த பேச்சில் இக்கோரிக்கையை எழுத்தில் வைக்கிறோம். அதன் நகல் அடுத்த மாதக் கமிட்டியில் வாசிக்கப்படும். தோட்டக் கமிட்டித் தலைவர்கள் தம் திருத்தங்களை அதற்குள் அனுப்பிவைக்க வேண்டுகிறோம்.