கேட்கப் பயப்பட வேண்டாம்

(தோட்ட மண்டபத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் பேசப்போகும் விஷயம் கொஞ்சம் பாரமானது. லயத்தில் ஒருவர் "நான் இருந்து என்ன பிரயோசனம், செத்துப் போறேன்" என்று சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? "சும்மா மிரட்டுது, விடு" என்பார் ஒருவர். "அதப் பத்திக் கேக்காதே, கேட்டா செஞ்சிரும்" என்பார் இன்னொருவர். இரண்டுமே பிழை. ஆஸ்பத்திரியில் உளநல வைத்தியரும் உளவியலாளரும் இப்படிப்பட்டவரை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் நமக்கும் ஒரு வழி பிறக்கும்.

காய்ச்சல் பார்க்க ஒரு கருவி இருக்கிறது. மனதை அளக்க அப்படி ஒன்றும் இல்லை. வைத்தியர் சாத்திரக்காரரும் அல்ல. இவர் செய்வார், இவர் செய்யமாட்டார் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. புள்ளி போட்டு ஆபத்தைக் கணிக்கும் தாள்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று இங்கிலாந்தின் வைத்திய வழிகாட்டி 2022இல் சொல்லியிருக்கிறது. ஆகவே அவர்கள் முக்கியமாக நம்புவது பொறுமையான விசாரிப்பைத்தான்.

தனியாக உட்காரவைத்து, அவசரப்படாமல், நேராகவே கேட்பார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வருகிறதா? எத்தனை நாளாக? எப்படி என்று யோசித்தீர்களா? அதற்கான பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா? முன்பு எப்போதாவது முயன்றதுண்டா? குடிப்பழக்கம் உண்டா? அண்மையில் சாவு, கடன், சண்டை, மானக்கேடு ஏதும் நடந்ததா? கடைசியில் இதையும் கேட்பார்கள்: இன்னமும் உங்களைப் பிடித்து வைத்திருப்பது எது? பிள்ளையா, அம்மாவா, சாமியா? அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அவரை மேலே தூக்க வேண்டும்.

முன்பு ஒருமுறை முயன்றவருக்கு ஆபத்து கூட. வழியும் யோசித்து, பொருளும் கையில் இருந்தால் அது அவசரம். அவரை ஒரு நிமிஷமும் தனியே விடக்கூடாது. கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. கேட்க ஒரு ஆள் இருக்கிறதே என்று பலருக்கு மனம் லேசாகும்.

"அவன வெட்டாம விடமாட்டேன்" என்று நிற்பவரையும் இதே மாதிரித்தான் பார்க்கிறார்கள். முன்பு கை நீட்டியிருக்கிறாரா, குடித்திருக்கிறாரா, யார்மேல் கோபம், கத்தி பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். மனநோய் வந்தவர் எல்லாம் முரடர் என்று நினைப்பது அநியாயம். அவர்களில் பெரும்பாலானோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை.

இனி நம் நாட்டுக் கதையைக் கேளுங்கள். 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். மிகக் கொடிய பூச்சிமருந்துகள் சில 1995இலும் 1998இலும் தடைசெய்யப்பட்டன. 2008க்குப் பிறகு இன்னும் சில நிறுத்தப்பட்டன. 2015 வரும்போது அந்த வீதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. கஷ்டம் தீர்ந்துவிட்டதா? இல்லையே! ஆத்திரம் பொங்கிவரும் அந்தக் கொஞ்ச நேரத்தில் கொடிய விஷம் கையில் இல்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தைத் தாண்டியவர்களில் அநேகர் பிறகு வாழ்ந்திருக்கிறார்கள்.

ஆகவே தாய்மாரே, மரக்கறிப் பாத்திக்கு வாங்கிய மருந்துப் போத்தலைக் கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள். வீட்டுக்கு வெளியே பூட்டி வையுங்கள், சாவி ஒரு பொறுப்பான ஆளிடம் இருக்கட்டும். வீட்டில் சண்டை, குடி என்றால் மாத்திரையையும் கத்தியையும் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. பொலிசுக்கும் ஊர் வாய்க்கும் பயந்து வீட்டுக்குள்ளேயே மறைக்கிறோம். தற்கொலைக்கு முயல்வது 1998 முதல் இந்த நாட்டில் குற்றமே அல்ல. எதையாவது குடித்துவிட்டால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 1926க்கு எடுங்கள், தமிழிலும் பேசலாம். தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடமோ என்னிடமோ வந்தாலும் சரி.

அடுத்த காம்பராவில் அடுப்புப் புகை வராவிட்டால் "என்ன, உலை வைக்கலியா?" என்று கேட்கிற சனம் நாம். முகம் வாடியிருந்தாலும் அப்படியே போய்க் கேளுங்கள். கேட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்காருங்கள்.